மேற்கோளில் வாழும் சுப்பாராவ்

நூற்றாண்டு மலருக்கு விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி, வவுணதீவில் வாழும் பழைய மாணவிகளாகிய எம்மிடம் மலர்க்குழு கேட்டிருந்தது. எமது தெரிவு எல்லப்பிரகட சுப்பாராவ். சங்கம் தொடங்கிய அதே 1925 இல்தான் அவரது பெயரை ஆய்வுகூடங்களுக்குக் கொண்டுசென்ற கட்டுரையும் வெளிவந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அது பின்னர் வரும்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 ஜனவரி 12 இல் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தார். மெட்ரிகுலேசன் பரீட்சையில் இரு தடவை தவறி, மூன்றாம் தடவையே சித்தியடைந்தார். (உயர்தரம் எழுதவிருக்கும் தங்கைமார் கவனிக்க.) சகோதரர் இருவரை நோய்க்குப் பறிகொடுத்த அவர் சென்னையில் மருத்துவம் படித்தார். கதராடை அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதிலும் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. பின்னர் பொஸ்டன் சென்று, ஆஸ்பத்திரியில் நோயாளரின் பெட்பான் கழுவும் வேலை செய்து காலந்தள்ளினார்.

ஹாவார்டில் சைரஸ் பிஸ்க் என்பவருடன் சேர்ந்து இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை அளக்க வழி கண்டார். பொசுபேற்றை மொலிப்டேற்றுடன் சேர்த்துத் தாழ்த்தினால் நீல நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு பொசுபரசு. முறை இலகு, செலவும் குறைவு. ஆகவே உயிர் இரசாயனம் செய்த எவரும் அதைக் கையாண்டு, கட்டுரையின் அடியில் பிஸ்க், சுப்பாராவ் என்று எழுதினர். அறிவியலில் கடன் தீர்ப்பது இப்படித்தான். அக்கட்டுரை இவ்வாறு ஆயிரக்கணக்கான தடவை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. அவரோ அந்த எண்ணிக்கையை அறியவில்லை; மேற்கோள்களை எண்ணும் சுட்டி 1964 இல்தான் வந்தது, அவர் 1948 ஓகஸ்டில் 53 வயதிலேயே காலமாகிவிட்டார்.

அதே முறையைக் கொண்டுதான் தசையிலுள்ள பொசுபோகிரியேற்றினையும், 1929 இல் ஏ.ரி.பி.யையும் இருவரும் பிரித்தெடுத்தனர். ஜேர்மனியில் லோமானும் அவ்வேளையில் ஏ.ரி.பி.யைக் கண்டிருந்தார். உயர்தர வகுப்பில் ஏ.ரி.பி.யை மனனம் செய்த எமக்கு இப்பெயர்கள் எவையும் தெரியா. மிகவும் பழகிப்போன கண்டுபிடிப்புக்கு யாரும் மேற்கோள் இடுவதில்லை.

ஹாவார்ட் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களை வெளியிட பிஸ்க் இடமளிக்காததால், பின்னர் வேறு சிலர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று, நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் கூறியிருக்கிறார். சுப்பாராவ் இதற்காக வழக்காடியவரல்லர். எமக்கு அதில் முழு உடன்பாடில்லை; பேசாதிருந்ததால் நட்டம் அவருக்கு மட்டுமல்ல.

1940 இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ற்றில் அதைக் குணமாக்கும் ஏதோ ஒன்று இருப்பதை 1931 இல் காட்டியிருந்தார். அதுவே போலிக் அமிலம். அதை இரசாயன முறையில் ஆக்கியவர்கள் சுப்பாராவின் குழுவினர். அக்கட்டுரையில் பதினாறு பேரின் பெயருண்டு, அவர் அவர்களுள் ஒருவர். போலிக் அமிலத்துக்கு எதிரான அமினொப்ரெரினும் அங்கிருந்தே வந்தது. அதைக் கொண்டு இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் 16 பேரில் 10 பேருக்குத் தற்காலிகச் சுகம் கிடைத்ததை வைத்தியர் சிட்னி பார்பர் 1948 ஜூனில் வெளியிட்டார். அதன் ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவ் இல்லை.

மனைவி சேஷகிரியைக் கர்ப்பிணியாக விட்டுச் சென்றவர் திரும்பி வரவேயில்லை. பிறந்த மகனும் குழந்தையிலேயே இறந்துபோனான். பெண்கள் எழுதும் மலரில் இதைச் சொல்லாமல் விட எமக்கு மனம் வரவில்லை.

மற்றைய காரணம் இதுதான். வவுணதீவுக் கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் சிறிய குளிசை போலிக் அமிலம். எம்மில் சிலர் அதை விழுங்கியவர்கள். ஒருவர் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து கொடுத்து வருபவர். இனிமேல் கொடுக்கும்போது அவர் பெயரையும் சொல்லிக் கொடுப்பதாக அவர் எம்மிடம் ஒப்புக்கொண்டுள்ளார்.