எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் வாழ்வும் இரட்சணிய யாத்திரிகம் காட்டும் இறையாட்சியும் ஈகையன்பும்

ஆய்வுச் சுருக்கம்

வைணவக் குடும்பத்தில் பிறந்து, முப்பதாம் அகவையில் கிறித்தவம் தழுவி, இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை இயற்றியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). அனைத்தையும் ஆளும் இறைவன் மனிதர் கையில் துன்புறுவது எங்ஙனம் பொருந்தும் என்னும் வினாவிற்கு அவர் காப்பியம் தரும் விடையை அவருடைய வாழ்க்கை வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கிருஷ்ணபிள்ளை, இரட்சணிய யாத்திரிகம், இறையாட்சி, ஈகையன்பு, எளிவந்த தன்மை

முன்னுரை

கிறித்தவ இறையியலில் இறைவனின் முற்றாட்சியும் சிலுவையில் வெளிப்பட்ட ஈகையன்பும் அடிப்படைக் கோட்பாடுகள் ஆகும். இவற்றை ஒருங்கே ஏற்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இயேசு பட்ட பாடு உண்மையெனின் அவரது ஆட்சி குறைவுபட்டதாகத் தோன்றும். ஆட்சி சிறிதும் குறையவில்லையெனின் அப்பாடு வெறுந்தோற்றமோ என்னும் ஐயம் எழும். யோவான் நற்செய்தி இவ்விடர்ப்பாட்டை நேரே எதிர்கொள்கிறது. தம் உயிரைத் தம்மிடமிருந்து எவரும் பறிப்பதில்லை, தாமே அதனைக் கொடுப்பதாக இயேசு உரைப்பதும், பிடிக்க வந்தோர் அவர் மறுமொழி கேட்டுப் பின்வாங்கித் தரையில் விழுவதும் அந்நற்செய்தியில் இடம்பெறுகின்றன. இக்கருத்தினைத் தமிழ்க் காப்பிய மரபிற்குள் கொணர்ந்தவர் கிருஷ்ணபிள்ளை.

வைணவக் கல்விப் பின்புலம்

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் சங்கர நாராயண பிள்ளைக்கும் தெய்வநாயகி அம்மைக்கும் 1827ஆம் ஆண்டு கிருஷ்ணபிள்ளை பிறந்தார். வேளாளர் குடியினரான அக்குடும்பத்தினர் திருமால் வழிபாட்டில் தோய்ந்தவர்கள். தந்தையார் கம்பராமாயணப் பயிற்சி மிக்கவர். ஆதலின் இளமையிலேயே கம்பரின் சொல்வளமும் ஆழ்வார்களின் பத்தியுணர்வும் கிருஷ்ணபிள்ளையின் உள்ளத்தில் வேரூன்றின. பின்னாளில் சமயம் மாறியபோதும் இவ்வேர் பட்டுப்போகவில்லை என்பதற்கு அவருடைய நூல்களே சான்று.

சாயர்புரமும் திருமுழுக்கும்

1853ஆம் ஆண்டு சாயர்புரத்திலிருந்த எஸ்.பி.ஜி. சங்கத்தின் இறையியல் பள்ளியில் அவர் தமிழாசிரியராக அமர்ந்தார். கிறித்தவ மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கச் சென்ற வைணவராகிய அவர், அங்குத் தொடக்கத்தில் அச்சமயத்தை ஏற்கும் மனநிலையில் இல்லை. நண்பர் தனக்கோடி ராஜுவின் தொடர்பும் விவிலியப் பயிற்சியும் காலப்போக்கில் அவரை மாற்றின. 1858ஆம் ஆண்டு சென்னை மயிலாப்பூர்த் தூய தோமா ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரடு என்னும் பெயரை ஏற்றார். தம்பி முத்தையா பிள்ளையும் கிறித்தவரானார்.

அக்காலத்தில் உயர்குடியிற் பிறந்த ஒருவர் சமயம் மாறுதல் தனிமனித முடிவாக மட்டும் நின்றுவிடவில்லை. குடும்பச் சடங்கு, உறவு, ஊர் மதிப்பு ஆகிய அனைத்தும் அதனால் அசைவுற்றன. தம் மனமாற்ற வரலாற்றை அவர் பிற்காலத்தில் உரைநடையாக எழுதியமை, அந்நிகழ்ச்சி அவர் வாழ்வில் பெற்றிருந்த இடத்தைக் காட்டும். சென்னையில் பெர்சிவல் நடத்திய தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகப் பணியாற்றிய பின்னர்ப் பாளையங்கோட்டையிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார்.

காப்பியத்தின் அமைப்பு

பல்லாண்டு உழைப்பின் பயனாக இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டு நூல்வடிவம் பெற்றது. 1678ஆம் ஆண்டு வெளிவந்த ஜான் பனியனின் ஆங்கில உரைநடை உருவகத்தை இது முதனூலாகக் கொண்டது. எனினும் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்டு, 3,700க்கும் மேற்பட்ட பாடல்களில் விரியும் இந்நூலை மொழிபெயர்ப்பு என்றல் பொருந்தாது. பனியனின் நூலில் பயணி சிலுவையைக் காண்கிறான். அவன் முதுகுச் சுமை கழன்று விழுகிறது. சிலுவைப்பாட்டின் வரலாறு அங்கு விரித்துரைக்கப்படவில்லை. கிருஷ்ணபிள்ளையோ குமார பருவத்தில் அவ்வரலாற்றை விரிவாகப் பாடுகிறார். முதனூலினின்று அவர் விலகிய இடங்களுள் தலையாயது இதுவே.

கட்டும் கட்டுண்டவரும்

இயேசுவைக் கயிற்றால் பிணிக்கும் காட்சியில் கவிஞரின் கோட்பாடு தெளிவாகப் புலப்படுகிறது. தம்மை விடுவித்துக்கொள்ளும் ஆற்றல் உடையவராயிருந்தும் அவர் எதிர்மொழி கூறாது உடன்பட்டு நிற்கிறார். மாந்தர்பால் கொண்ட அன்பே அவரால் அறுக்கவியலாத கட்டு என்பது கவிஞர் தரும் விளக்கம். தம்மைத் துன்புறுத்துவோர்க்கு நேரவிருக்கும் கேட்டை எண்ணி அவர் இரங்குகிறார். முள்முடி சூட்டி இகழ்ந்தோர்முன் சினவாது நின்ற பொறுமை கண்டு, நிலம் பிளவாமையும் கடல் வற்றாமையும் எண்ணிக் கவிஞர் வியக்கிறார்.

இங்கு இறையாட்சி ஆற்றலைச் செலுத்துவதில் அன்றி அதனை அடக்குவதில் வெளிப்படுகிறது. விடுபட இயலாதவன் கட்டுண்பது தோல்வி. விடுபட இயன்றவர் கட்டுண்பது கொடை. அதே வேளையில் வேதனை மெய்யானது என்பதையும் கவிஞர் மறைக்கவில்லை. இகழ்ச்சியுரையால் அவர் உள்ளம் புண்பட்டதைக் காப்பியம் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆகவே முன்னுரையில் குறித்த இருவகை ஐயங்களும் நீங்குகின்றன. தமிழில் பாசம் என்னும் சொல் கயிற்றையும் அன்பையும் குறிக்குமாதலின், இக்காட்சி தமிழ் கற்றோர்க்கு மேலும் நெருக்கமாகிறது.

தாமோதர மரபுடன் ஒப்பீடு

கட்டுண்ட இறைவன் என்னும் படிமம் வைணவத்திற்குப் புதிதன்று. வெண்ணெய் களவாடிய கண்ணனை யசோதை உரலோடு பிணித்ததை நம்மாழ்வார் எண்ணி உருகுகிறார். மதுரகவியாழ்வாரின் பதிகம் அக்கயிற்றிலிருந்தே தொடங்குகிறது. பரம்பொருள் அடியார்க்கு எளியனாதலை உரையாசிரியர்கள் சௌலப்பியம் என்பர். கம்பராமாயணத்திலும் பிணிப்பை அறுக்க வல்ல அனுமன் இராவணனைக் காணும் நோக்கத்தால் கட்டுக்கு உடன்படுகிறான். இவற்றில் ஊறிய கவிஞர்க்கு, வல்லவர் தாமே கட்டுப்படுதல் முரணாகத் தோன்றியிராது.

வேறுபாடுகளும் கருதத்தக்கன. யசோதையின் கயிறு அன்பின் கயிறு, கட்டுபவள் தாய். இயேசுவைக் கட்டுவோர் பகைவர். அன்பு கட்டுண்டவரிடம் மட்டுமே உள்ளது. அனுமனின் உடன்பாடு இலங்கையின் எரியில் முடிகிறது. இயேசுவின் உடன்பாடு அவரது சாவில் முடிகிறது. பழைய படிமத்தின் எளிவந்த தன்மை கிறித்தவக் காப்பியத்தில் உயிரீகையாக மாறும் இடம் இதுவாகும்.

இறுதிக்காலம்

மாணிக்கவாசகரின் நூற்பெயரை நினைவூட்டும் போற்றித் திருவகவல், உரைநடை நூலான இரட்சணிய சமய நிர்ணயம் (1898), பத்திப்பாடல்களின் தொகுப்பான இரட்சணிய மனோகரம் (1899) ஆகியனவும் அவர் படைப்புகள். காப்பியத்தினிடையே தேவாரம் என்னும் பெயரில் அமைந்த இசைப்பாடல்கள் வழிபாட்டிற்கும் பயன்பட்டன. கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்பெற்ற அவர் 1900ஆம் ஆண்டு மறைந்தார்.

முடிவுரை

கிருஷ்ணபிள்ளை சமயம் மாறியவர். ஆனால் தம் பத்திமொழியைக் கைவிட்டவர் அல்லர். இறையாட்சியும் ஈகையன்பும் ஒன்றையொன்று மறுப்பவை என்னும் கருத்தை அவர் காப்பியம் ஏற்கவில்லை. ஆள்பவரே விரும்பித் தம்மைக் கொடுக்கும்போதுதான் ஈகை முழுமை பெறுகிறது என்பது அதன் துணிபு. அத்துணிபைத் தமிழில் உரைக்க அவர்க்குத் துணைநின்றவை கரையிருப்பில் இளமையிற் கற்ற ஆழ்வாரும் கம்பருமே. எனவே இரட்சணிய யாத்திரிகத்தைப் பனியனோடு மட்டும் ஒப்பிடும் ஆய்வுகள் வைணவப் பனுவல்களோடும் ஒப்பிடும் நிலைக்கு விரிதல் வேண்டும்.