மானிப்பாயின் கிறீன் வைத்தியர்

உடுவிலில் படித்த நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைக் கடந்து போயிருப்போம். காய்ச்சலென்று உள்ளே போய் வந்தவர்களும் இருப்பார்கள். அந்தப் பெயருக்குரிய மனிதர் யாரென்று மாணவியாக இருந்த காலத்தில் எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. கட்டடத்துக்கு முன்பு பச்சை வர்ணம் பூசியிருந்தார்களாக்கும் என்று சொன்ன வகுப்புத் தோழி ஒருத்தி இன்று கனடாவில் இருக்கிறாள். இதைப் படித்தால் அவள் சிரிப்பாள்.

அவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஒருநாள் காலை, ஒரு ஆச்சியின் கட்டிலைச் சுற்றி ஏழெட்டு வைத்தியர்கள் நின்றோம். அவருடைய ஈரலைப் பற்றியும், இனிச் செய்யவேண்டிய பரிசோதனைகளைப் பற்றியும், மிஞ்சியிருக்கும் நாட்களைப் பற்றியும் எல்லாம் ஆங்கிலத்திலேயே பேசி முடித்தோம். அடுத்த கட்டிலுக்கு நகரும்போது ஆச்சி என் கையைப் பிடித்து, பிள்ளை, எனக்கு என்னவாம் என்று கேட்டார். பிறகு வந்து சொல்லுகிறேன் ஆச்சி என்றேன். அன்று முழுவதும் நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். மகன் வந்து ஆச்சியை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாராம். தன் வருத்தம் என்னவென்று தெரியாமலேயே ஆச்சி போனார். எனக்கும் தாய்மொழி தமிழ்தான், அவருக்கும் தமிழ்தான்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 ஆம் ஆண்டு ஐப்பசியில் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டரில் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் கற்று 1845 இல் பட்டம் பெற்றார். அவருடைய தமையன் அன்ட்ரூ நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை உருவாக்கியவர்களில் ஒருவராகவும், பின்னாளில் அந்தப் பெருநகரத்தின் தந்தை என்று அழைக்கப்பட்டவராகவும் விளங்கினார். தம்பிக்கும் அந்த ஊரிலே வசதியாக வாழ வழி இருந்திருக்கும். அவரோ நம் பாடசாலையைத் தொடங்கிய அதே அமெரிக்க மிசனில் சேர்ந்து 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். பண்டத்தரிப்பில் ஸ்கடர் வைத்தியரும் வட்டுக்கோட்டையில் வாட் வைத்தியரும் முன்பு செய்த பணியின் தொடர்ச்சியாகவே அவர் அனுப்பப்பட்டார். முதலில் வட்டுக்கோட்டையில் இருந்துவிட்டு, 1848 இல் மானிப்பாய்க்கு மாறினார்.

மானிப்பாயில் அவர் நோயாளரைப் பார்க்கத் தொடங்கிய அதே ஆண்டில் உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்திய வகுப்பையும் ஆரம்பித்தார். கொழும்பு வைத்தியக் கல்லூரி தொடங்கியது 1870 இல் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு முந்திய முயற்சி என்பது விளங்கும். யாழ்ப்பாண நகரிலே அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் 1850 இல் ஏற்பட்ட தரும வைத்தியசாலைக்கும் அவருடைய உதவி கிடைத்தது. அதுவே இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கிறது.

நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பாடசாலையில் எத்தனை தரம் கேட்டிருப்போம்! எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டியதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மறுநாள் அவன் போகவேண்டியிருந்தது. போகுமுன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, அந்த மனிதனைப் பார்க்கும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனான். கிறீன் வைத்தியரின் வாழ்க்கையை அந்த இரண்டாம் நாளின் கதையாகவே நான் காண்கிறேன். தான் ஒருவன் எத்தனை பேரைப் பார்க்க முடியும், தான் போனபின் யார் பார்ப்பார் என்ற கேள்வி அவருக்கு ஆரம்பத்திலேயே இருந்தது.

முதலில் அவரும் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் படித்தவருக்கு அரசாங்கச் சம்பளம் காத்திருந்தது. கிராமத்தில் தங்க அவருக்கு என்ன தேவை? உடல்நலக் குறைவால் 1857 இல் ஊர் திரும்பிய கிறீன், 1862 இல் திருமணம் செய்து மனைவி மார்கிறற்றுடன் மீண்டும் மானிப்பாய் வந்தார். 1864 இல் வைத்திய வகுப்பை முழுவதுமாகத் தமிழுக்கு மாற்றினார். ஊரில் இருந்து, ஊராரைப் போலவே உடுத்து, ஊர்ப் பேச்சில் நோயை விளக்கக்கூடிய வைத்தியர்களே அவருக்கு வேண்டியிருந்தது.

அதற்குப் புத்தகம் வேண்டுமே. உடலமைப்புப் பற்றிய கற்றரின் நூலையும் மகப்பேற்று நூலான பிரசவ வைத்தியத்தையும் அவர் 1850களிலேயே தமிழாக்கியிருந்தார். ஆண் வைத்தியர் நுழைய முடியாத அறைகளில் பெண்கள் பிரசவ வேதனையில் இறந்துகொண்டிருந்த காலத்தில் முதல் நூல்களுள் ஒன்றாக அதைத் தெரிந்தெடுத்தார் என்பதைப் பெண்களாகிய நாங்கள் கவனிக்கவேண்டும். பின்பு 1867 இல் இரணவைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875 இல் கெமிஸ்தம், 1883 இல் மனுஷ சுகரணம். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் வரும். நாங்கள் மருத்துவ பீடத்தில் தோள்நோகச் சுமந்த கிறேயின் உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் முதன்முதல் வெளிவந்தது 1858 இல். அதைத் தழுவிய தமிழ் நூல் பதினான்கு ஆண்டுகளுக்குள் யாழ்ப்பாணத்து மாணவர் கையில் இருந்தது!

கலைச்சொல்லுக்கு அவர் முதலில் தமிழில் தேடினார், இல்லையென்றால் வடமொழியில், அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். கெமிஸ்தம் அப்படி வந்ததுதான். இன்று படித்தால் சில சொற்கள் வாயில் நுழையாது என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். இது தனி மனிதர் வேலையும் அல்ல. சப்மன், டன்போர்த், போல் என்று மிசன் பெயர் தாங்கிய தமிழ் மாணவர்களே மொழிபெயர்ப்பின் பெரும்பாரத்தைச் சுமந்தார்கள். அவர்களுடைய பெயரில் இங்கே ஒரு வீதி கூட இல்லையே என்பது என் மனக்குறை.

சைவக் குடும்பத்துத் தோழிகள் ஒன்று கேட்கக்கூடும். ஆம், மதம் பரப்புவது அவருடைய நோக்கங்களில் ஒன்றுதான். மருந்துக்கு வந்தவர்கள் முதலில் வேதவாசிப்பும் செபமும் கேட்டார்கள். நம் சமயத்தைப் பற்றிய அவரது எண்ணங்கள் எல்லாம் இன்று எமக்கு ஏற்கக்கூடியவை அல்ல. மறைத்துப் புகழ்வதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் கிறிஸ்தவனாவதற்கு ஒருவன் வேட்டியையும் சால்வையையும் விட்டு வெள்ளைக்காரனைப் போல மாறவேண்டியதில்லை என்று தம் காலத்தவர் பலருக்கு முன்பே நினைத்தவர் அவர்.

1873 இல் உடல்நலம் இடங்கொடாததால் நிரந்தரமாக அமெரிக்கா திரும்பினார். அப்போது அவரிடம் கற்று வெளியேறிய வைத்தியர்கள் அறுபது பேருக்கு மேல். ஊருக்குப் போன பிறகும் ஓயவில்லை. இங்கிருந்து கப்பலில் போன கையெழுத்துப் பிரதிகளை வூஸ்டரில் இருந்தபடி திருத்தித் திருப்பி அனுப்பினார். ஒரு சந்தேகம் தீர எத்தனை மாதம் காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 1880 இல் இங்கு வந்த லீச் சகோதரிகள் பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை வேண்டுமென்று நிதி திரட்டி, இணுவிலில் அது 1898 இல் திறக்கப்பட்டது. பெண் நோயாளருக்குப் பெண் வைத்தியர் என்ற அந்த அடுத்த படியை அவர் பார்க்கவில்லை.

நான் இப்போது ஒவ்வொரு நாளும் கட்டில் கட்டிலாகச் சுற்றி முடிந்ததும் தனியாக ஒருமுறை திரும்பிப் போகிறேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன வருத்தம், என்ன செய்யப்போகிறோம் என்று தமிழில் சொல்கிறேன். இருபது நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். சில நாள் அதுவும் முடிவதில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்கிறேன். ஈரல் சுருங்குவதை ஒரு ஆச்சிக்கு விளங்கச் சொல் பார்ப்போம் என்றால் கெட்டிக்காரப் பிள்ளைகளும் திணறுகிறார்கள்.

கிறீன் வைத்தியர் 1884 வைகாசி 28 ஆம் திகதி வூஸ்டரில் காலமானார். தன் கல்லறையில் என்ன எழுதவேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். அமெரிக்க மண்ணில், தமிழ் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இல்லாத அந்த மயானத்தில், பெயருக்கும் ஆண்டுகளுக்கும் கீழே, அவர் தமிழருக்கு வைத்திய ஊழியராக இருந்தவர் என்று அந்தக் கல் சொல்கிறது.