சீன எழுத்தைக் கற்ற மத்தேயோ ரிச்சி சுவாமி



தமிழ் எழுத்துக்கள் 247. உயிரும் மெய்யும் பிடிபட்டுவிட்டால், அறியாத சொல்லையும் நம் ஊரப்பாக்கத்துப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவார்கள். சீனப் பிள்ளைகளோ ஆரம்பப் பள்ளி முடியுமுன் சுமார் 3,000 எழுத்துக்களை அறிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வடிவம், ஒலி, பொருள் மூன்றும் மனதில் பதிய வேண்டும். இந்தக் கடலில் துணிந்து இறங்கியவர் மத்தேயோ ரிச்சி சுவாமி.

இவர் 1552-ம் ஆண்டு இத்தாலியா தேசத்து மச்செராத்தா நகரில் பிறந்தார். 1571-ல் உரோமையில் சேசு சபையில் சேர்ந்தார். 1578-ல் கோவாவுக்கு வந்தார். 1580-ல் கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். ஆகவே நம் நாட்டுக்கும் இவரிடத்தில் உரிமை உண்டு. 1582-ல் மக்காவ் துறைமுகத்தில் இறங்கியபோது இவருக்கு வயது 29. மறு ஆண்டு ருஜியேரி சுவாமியோடு சீனாவுக்குள் குடியேறினார். இருவரும் போர்த்துக்கீசு-சீன அகராதி ஒன்றைத் தொகுத்தார்கள்.

ரிச்சி சுவாமியின் ஞாபக சக்தி அபாரமானது. 1595-ல் நான்சாங் நகரத்துப் படிப்பாளிகள் முன்னிலையில், தொடர்பின்றி எழுதிய நூற்றுக்கணக்கான எழுத்துக்களை ஒரே முறை வாசித்து, முதலிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஒப்பித்தார். மனதுக்குள் ஒரு மாளிகையைக் கட்டி, அறைக்கு அறை ஓர் உருவத்தை நிறுத்தி, வேண்டும்போது போய்ப் பார்த்துக்கொள்வதே அந்த வித்தை. மாகாண அதிபதியின் மக்களுக்காக 1596-ல் அதைச் சீன மொழியிலேயே நூலாக எழுதிக் கொடுத்தார். ஆனால் மூத்த மகனோ, இதைக் கையாளவே நல்ல ஞாபகம் வேண்டுமே என்று கருதினானாம்.

அவன் கருதியது சரிதான். சுவாமியைப் புலவராக்கியது அந்த வித்தை மாத்திரமல்ல. நாற்பது வயதைக் கடந்த பின்னும் சீன ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, சிறு மாணாக்கனைப்போல் தினமும் பாடம் கேட்டார், எழுதிப் பழகினார். பல சீன எழுத்துக்களில் ஒரு பாகம் பொருளையும் மற்றது ஒலியையும் காட்டும். அந்தப் பாகங்களைப் பிரித்தறிவதும் கையால் எழுதிப் பழகுவதும் வாசிப்புக்குத் துணை என்று இக்காலத்து ஆராய்ச்சியாளரும் கண்டிருக்கிறார்கள்.

1601-ல் சுவாமி பீஜிங் தலைநகரில் நிலைபெற்றார். 1607-ல் சூ குவாங்ச்சி என்ற கிறிஸ்தவ அறிஞரோடு சேர்ந்து யூக்ளிடின் கணித நூலில் முதல் ஆறு பாகங்களைச் சீனத்தில் வெளியிட்டார். 1610 மே 11-ந் தேதி மரித்தார். அவரை அடக்கம்செய்யச் சக்கரவர்த்தியே நிலம் அளித்தார். 2022-ல் பிரான்சிஸ் பாப்பரசர் இவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

பெற்றோர்களே, வாசிக்கத் திணறும் பிள்ளையை மந்தபுத்தி என்று ஏசாதிருங்கள். இத்தனை ஞாபகசக்தி படைத்தவரே தினமும் பாடம் கேட்டார். மாலைதோறும் பிள்ளையை அருகில் அமர்த்தி, ஒரு பக்கம் வாசிக்கவும் நாலு வரி எழுதவும் செய்யுங்கள். பொறுமையோடு செய்தால் பலன் வரும்.