கராஜ் கதவைத் திறக்கும் கார் பட்டன்: அன்றே யோசித்த டெஸ்லா!

அமெரிக்காவில் பல கார்களின் ரியர்-வியூ கண்ணாடியிலேயே சின்ன பட்டன் இருக்கும். வீட்டை நெருங்கும்போது அதை அமுக்கினால் போதும், கராஜ் கதவு திறந்துவிடும். சரி, பக்கத்து வீட்டுக்காரர் அமுக்கும்போது நம்ம கதவு திறந்துட்டா? ரிமோட்டே புழக்கத்தில் இல்லாத காலத்தில் இதற்கு விடை தேடியவர் நிகோலா டெஸ்லா.

யார் இவர்?

1856 ஜூலை 10 அன்று, இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் கிராமத்தில் பிறந்தார். அப்பா செர்பிய ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். 1884-ல் நியூயார்க் வந்து எடிசனின் நிறுவனத்தில் சேர்ந்தவர், சில மாதங்களிலேயே வெளியேறினார். 1888-ல் அவருடைய ஏ.சி. மின்சாரக் காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பெற்றதும் பெயரும் பணமும் வந்தன. 1895-ல் ஆய்வகம் தீயில் கருகியது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

ஒயர் இல்லாமல் ஓடிய படகு

1898-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தண்ணீர்த் தொட்டியில் ஒரு சிறிய படகை மிதக்க விட்டார். ரேடியோ அலை மூலம் அதைத் திருப்பினார், விளக்குகளை மின்ன வைத்தார். பார்த்தவர்களுக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 8-ல் காப்புரிமை கிடைத்தது, எண் 613,809. ஆளில்லா ஆயுதமாகப் பயன்படும் என்று அரசிடம் சொல்லிப் பார்த்தார். யாரும் கண்டுக்கலை.

வேறொருவர் சிக்னல் வந்தால்?

அடுத்தவர் சிக்னலுக்கும் படகு திரும்பினால் என்ன பயன்? அதனால் 2 வெவ்வேறு அலைவரிசைகள் சேர்ந்து வந்தால் மட்டுமே கருவி இயங்கும் அமைப்பை உருவாக்கினார். ஒரே சாவியில் திறக்காத, 2 சாவி கேட்கும் பூட்டு மாதிரி. 1903-ல் இதற்கும் காப்புரிமை பெற்றார்.

இன்று எப்படி?

ஆரம்பகால கராஜ் ரிமோட்டுகளில் இதே தலைவலி வந்தது. ஒரு வீட்டு ரிமோட்டுக்கு இன்னொரு வீட்டுக் கதவு திறந்தது. இன்றைய ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் புதுப்புது குறியீட்டை அனுப்புகின்றன. அதனால்தான் பல கார்களில் 2 படிகள்:

* பழைய ரிமோட்டை கார் பட்டன் அருகே பிடித்து, விளக்கு மின்னும் விதம் மாறும்வரை இரண்டையும் அமுக்க வேண்டும்.
* பிறகு கராஜ் மோட்டாரில் உள்ள 'லேர்ன்' பட்டனைத் தட்டிவிட்டு, உடனே காருக்கு வந்து பட்டனை அமுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது படியை விட்டுட்டா, கதவு அசையாது. இது யாருடைய கார் என்று மோட்டாருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

கடைசிக் காலம்

அமெரிக்கக் காப்புரிமை அப்போது 17 ஆண்டுகளுக்குத்தான். வீடுகளுக்கு ரிமோட் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1915-ல் படகின் காப்புரிமை காலாவதியானது. 1943 ஜனவரி 7 அன்று, நியூயார்க் ஹோட்டல் அறை ஒன்றில் டெஸ்லா தனியாக இறந்துகிடந்தார். கையில் பணம் இல்லை.