கண்ணுக்குள் வில்லை வைத்த டாக்டர்

கண்ணில் புரை விழுந்தால் பார்வை மங்கும். முன்பெல்லாம் புரை விழுந்த வில்லையை ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள். வேறு வில்லை வைக்க மாட்டார்கள். பிறகு ஆயுள் முழுவதும் தடித்த மூக்குக் கண்ணாடிதான்!

இதை மாற்றியவர் டாக்டர் ஹரோல்டு ரிட்லி. 1906-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர்.

இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்ணில், விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்தன. சில்லு உள்ளே கிடந்தும் கண் கெடவில்லை. ரிட்லி இதைக் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்தார். 1949 நவம்பர் 29-ந் தேதி, லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் 45 வயதுப் பெண் ஒருவருக்கு அதைப் பொருத்தினார்.

பெரிய டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். சில வில்லைகள் நழுவவும் செய்தன. எனவே, 1950-களில் வேறு சில டாக்டர்கள் வில்லையைக் கண்ணின் முன்பகுதியில் வைத்தார்கள். அங்கே ஆபத்து காத்திருந்தது!

கண்ணின் முன்னால் கண்ணாடி போன்ற சவ்வு உண்டு. அதன் உட்புறத்தில் ஒரே ஓர் அடுக்கு அணுக்கள். சவ்வில் நீர் தேங்காமல் காப்பது அவைதான். அழிந்தால் மீண்டும் வளராது. வில்லை உரசி அவை அழிந்தன. சவ்வு வீங்கி, பூ விழுந்தது போல் வெளுத்தது. வந்த பார்வை மறுபடி போயிற்று. பலருக்கு வில்லையை எடுக்க நேர்ந்தது.

ரிட்லி முதலில் வில்லை வைத்தது பின்பகுதியில். இயற்கை வில்லை இருந்த அதே இடத்தில். டாக்டர்கள் கடைசியில் அந்த இடத்துக்கே திரும்பி வந்தார்கள்.

முதுமையில் ரிட்லிக்கும் புரை விழுந்தது. அதே ஆஸ்பத்திரியில் அவர் கண்ணிலும் வில்லை வைத்தார்கள். 2000-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு, 94-வது வயதில், தெளிந்த பார்வையோடு கண் மூடினார்.