தந்தையின் கிண்ணமும் தாயின் செபமும்

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் 1856-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் மேட் டால்பட். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். தந்தை சார்லஸ் துறைமுகக் கிடங்கில் வேலை செய்தவர், பெருங்குடிகாரர். தாய் எலிசபெத் பக்தியும் பொறுமையும் மிக்கவர். வருமானம் போதாமல் அக்குடும்பம் அடிக்கடி வீடு மாற வேண்டியிருந்தது.

மேட் ஓராண்டளவே ஒழுங்காகப் பள்ளிக்குச் சென்றார். 12 வயதில், மதுவைப் புட்டிகளில் அடைத்து விற்கும் ஒரு நிறுவனத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். புட்டிகளின் அடியில் மிஞ்சியதைச் சுவைக்கத் தொடங்கிய சிறுவன், விரைவிலேயே போதையோடு வீடு திரும்பினான். தந்தை மகனை நன்றாக அடித்தார். பிறகு, தம் கண்முன்னே இருக்கட்டும் என்று தாம் வேலை செய்த கிடங்கிலேயே சேர்த்துவிட்டார். அங்கே இருந்ததோ விஸ்கி! மகன் இன்னும் ஆழமாக விழுந்தான். மூத்தவரைத் தவிர மற்றச் சகோதரர்களும் அதே வழியில் சென்றார்கள். தந்தையின் பிரம்பு சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. தந்தையின் கிண்ணம் சொன்னதையே கேட்டார்கள்.

பதினாறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. கூலி முழுவதும் மதுக்கடைக்குப் போனது. குடிப்பதற்காகக் காலணிகளையும் விற்றார். ஒருமுறை நண்பர்களோடு சேர்ந்து, தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைத் திருடி விற்றுக் குடித்தார்.

1884-ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் வேலைக்குப் போகாததால் கையில் காசு இல்லை. மதுக்கடை அருகே நின்று, கூலி வாங்கி வரும் நண்பர்கள் தம்மை அழைப்பார்கள் என்று காத்திருந்தார். எத்தனையோ முறை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் ஒருவரும் அழைக்கவில்லை. உள்ளம் உடைந்து வீடு திரும்பினார். மதுவை விட்டுவிட உறுதிமொழி எடுக்கப்போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்ற முடியுமானால் மட்டும் எடுக்கும்படி சொல்லி, தாய் கடவுள் பெயரால் மகனை அனுப்பிவைத்தார்.

முதலில் மூன்று மாதங்களுக்குத்தான் உறுதிமொழி. அந்த நாள்கள் நரகமாகவே இருந்தன. அதிகாலைத் திருப்பலியும் செபமும் அவரைத் தாங்கின. மதுக்கடைக்குள் நுழையாதிருக்கக் கையில் காசு வைத்துக்கொள்வதையே நிறுத்தினார். மூன்று மாதம் வாழ்நாள் முழுமைக்குமானது. பழைய கடன்களைத் திருப்பிச் செலுத்தினார். பிடில்காரரைத் தேடி அலைந்தும் காணாததால், அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் செய்தார். 1899-இல் தந்தை இறந்தபின், 1915-இல் தாய் இறக்கும்வரை அவரைத் தம்மோடு வைத்துப் பேணினார்.

1925-ஆம் ஆண்டு சூன் 7-ஆம் நாள், மூவொரு இறைவன் பெருவிழா அன்று, திருப்பலிக்குச் செல்லும் வழியில் மேட் தெருவில் விழுந்து இறந்தார். 41 ஆண்டுகளாக அவர் மதுவைத் தொட்டதில்லை. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்குபவர்கள் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு மிக அதிகம் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. டால்பட் அன்று தம் உடலில் அனுபவித்தது இதைத்தான்.

அன்பார்ந்த பெற்றோரே, பிள்ளை குடித்துவிட்டு வந்தால் நாம் பதறுகிறோம், அடிக்கிறோம். ஆனால் விருந்துகளிலும் விழாக்களிலும் அவர்கள் கண்முன்னே நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையின் நண்பர்களை ஆராய்வதற்கு முன், நம் வீட்டு அலமாரியை ஆராய்வோம். ஏற்கெனவே வழிதவறிய பிள்ளை நம் வீட்டில் இருந்தால், எலிசபெத்தைப் போல் கதவைத் திறந்தே வைத்திருப்போம். உள்ளம் உடைந்து திரும்பும் நாளில் அவனுக்கு வர ஓர் இடம் வேண்டும்.