ஒளியால் அரங்கை அமைத்தவர்: அடோல்ப் அப்பியா (1862 – 1928)

மாணவர்களே, நாடகத்தில் ஒளி எதற்குத் தேவை என்று கேட்டால், நடிகர்கள் தெரிவதற்கு என்று உடனே எழுதிவிடுவீர்கள். இவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதுமன்று. ஒளியால் அரங்க வெளிக்கு உருவம் கொடுக்கவும் பாத்திரத்தின் மனநிலையைப் புலப்படுத்தவும் முடியும். இதனைத் தெளிவாக விளக்கிய முன்னோடிகளுள் ஒருவர் அடோல்ப் அப்பியா. அவரது வாழ்க்கையைப் படித்தால், ஒளியமைப்பின் பணிகளை மனனஞ் செய்யாமலே நினைவில் வைத்திருக்கலாம்.

இளமையும் கல்வியும்

அப்பியா 1862 செப்டெம்பர் 1 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரிற் பிறந்தார். தந்தையார் லூயி அப்பியா ஒரு மருத்துவர். செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்த ஐவருள் ஒருவர். மகனோ இசையை நாடினார். ஜெனீவாவிலும், ஜேர்மனியின் லைப்சிக், டிறெஸ்டன் நகரங்களிலும் இசை கற்றார். 1882 இல் பைரொயித் நகர அரங்கில் வாக்னரின் பார்சிபல் என்னும் ஒப்பேராவைப் பார்த்தார். இசை அவரைக் கவர்ந்தது. காட்சியமைப்பு ஏமாற்றம் அளித்தது.

அவர் கண்ட குறைபாடு

அக்காலத்தில் காடு, வீடு யாவும் திரையில் ஓவியமாக வரையப்பட்டன. வரைந்த மரமொன்றின் அருகே ஒரு நடிகர் நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். மரம் தட்டையானது, நடிகரின் உடலோ முப்பரிமாணமுடையது. மரத்தின் நிழல்கூட வர்ணத்தால் வரையப்பட்டதே. அந்த ஓவியம் நன்றாகத் தெரிவதற்காக மேடை முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் பாய்ச்சப்பட்டது. இதனால் நடிகரின் உடலும் தட்டையாகவே தெரிந்தது. அதாவது, ஒளி ஓவியத்துக்குப் பணி செய்ததேயன்றி நடிகருக்குப் பணி செய்யவில்லை.

அவரது பிரதான கருத்துகள்

1. வரைந்த திரைகளுக்குப் பதிலாகப் படிகள், மேடைத்தளங்கள், சரிவுகள், தூண்கள் ஆகியவை அமைய வேண்டும். நடிகர் அவற்றின் மீது ஏறி இறங்கி இயங்கலாம்.

2. ஒளி இரு வகைப்படும். எங்கும் பரவி, பார்ப்பதற்கு உதவுவது பரவல் ஒளி. குறித்த திசையிலிருந்து விழுந்து, நிழலை உண்டாக்கி, உடலுக்குத் திரட்சி தருவது உருவமைக்கும் ஒளி.

3. இசையைப் போல ஒளியும் காட்சியின் போக்கிற்கேற்ப மாற வேண்டும்.

உதாரணமாக, வாக்னரின் ட்றிஸ்ரானும் இசொல்டேயும் ஒப்பேராவின் இரண்டாம் அங்கத்தை நோக்குக. அங்கே தீப்பந்தம் ஒன்றே பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அப்பியா திட்டமிட்டார். காதலனை அழைப்பதற்காக இசொல்டே அதனை அணைத்ததும் எல்லாம் மங்கிவிடும். காதலர் உணரும் உலகையே பார்வையாளரும் காண்பர்.

இக்கருத்துகளை 1895 இலும் 1899 இலும் வெளிவந்த நூல்களில் விளக்கினார். 1881 இல் இலண்டன் சவோய் அரங்கு மின்னொளி பெற்றிருந்தது. புதிய சாதனம் வந்துவிட்டது. அதைக் கலையாகப் பயன்படுத்தும் வழியை அப்பியா காட்டினார்.

எதிர்ப்பும் செயற்பாடும்

வாக்னரின் மறைவுக்குப் பின் பைரொயித் அரங்கை நடத்திய அவரது மனைவி கொசிமா, அப்பியாவின் திட்டங்களை ஏற்கவில்லை. கணவர் அமைத்த முறையை மாற்ற அவர் விரும்பவில்லை. அப்பியா பல ஆண்டுகள் காத்திருந்தார். 1906 இல் இசை ஆசிரியர் டல்குறோஸின் நட்புக் கிடைத்தது. இருவரும் இணைந்து 1912, 1913 ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் ஹெல்லராவில் குளுக்கின் ஓர்பியஸை மேடையேற்றினர். அங்கே மண்டபத்தின் வெள்ளைத் துணிச் சுவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் ஒளிர்ந்தன. இவ்வொளியமைப்பைச் செய்தவர் ஓவியர் சால்ஸ்மன்.

1923 இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் ட்றிஸ்ரானை அமைத்தார். அலங்காரத் திரைகளுக்குப் பழகிய பலர் அதனை விரும்பவில்லை. 1924, 1925 இல் பாசல் நகரில் வாக்னரின் நான்கு தொடர் ஒப்பேராக்களுள் இரண்டு மேடையேறின. எதிர்ப்பினால் ஏனைய இரண்டும் கைவிடப்பட்டன. 1928 பெப்ரவரி 29 இல் அப்பியா காலமானார். ஆனால் 1951 இல் பைரொயித் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டபோது, வாக்னரின் பேரன் வீலான்ட் ஓவியத் திரைகளை நீக்கி ஒளியாலேயே காட்சிகளை அமைத்தார். பாட்டி மறுத்ததைப் பேரன் ஏற்றார்.

நினைவிற் கொள்க: விடை எழுதும்போது ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். அப்பியா எதனை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று காரணத்துடன் எழுதுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பரவல் ஒளி, உருவமைக்கும் ஒளி ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. ஓவியத் திரைகளை அப்பியா ஏற்காமைக்கு இரு காரணங்கள் தருக.
3. நீங்கள் நடித்த அல்லது பார்த்த நாடகமொன்றின் ஒரு காட்சிக்குப் பொருத்தமான ஒளியமைப்பைக் காரணத்துடன் விளக்குக.